வழியனுப்ப வந்தவர்கள் நிற்கும் இடம்

அத்தியாயம் 11

பெட்டியைப் பூட்டிய தங்கம் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள் என்பதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். விடிந்து பார்த்தபோதும் அவள் அங்கேயேதான் இருந்தாள்.

நோரிஸ் ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடி அது. கீழே மாவு மில் ஓடத் தொடங்கியிருந்தது. தரை லேசாக அதிர்ந்தது. மருதப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினான்.

“இன்னைக்குமா ஆபீசு?” என்றாள் தங்கம்.

“வரைபடம் இன்னைக்குப் பெரிய துரை கைக்குப் போகணும். மத்தியானத்துக்குள்ள வந்துடறேன்.”

“வீட்டுல இருக்க முடியலன்னு சொல்லிட்டுப் போங்களேன்.”

கட்டிலில் லீலா குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கால் போர்வைக்கு வெளியே கிடந்தது. அதை மூடப் போனவன் எழுப்பிவிடுவோமோ என்று கையை இழுத்துக்கொண்டான்.

ஆறு வயதுப் பெண். தங்கத்தின் தங்கை ரத்தினம்மா பெற்றவள். லீலா தவழும் வயதில் ரத்தினம்மாவுக்குக் காசநோய் கண்டது. அவள் கணவன் சுப்பிரமணியம் வைத்தியத்துக்காக அவளைக் கப்பலேற்றி மெட்ராசுக்கு அழைத்துப் போனான். கைக்குழந்தை அவள் பக்கத்தில் இருக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னதால் லீலா தங்கத்திடம் தங்கினாள். ஒரு வருஷம் என்றார்கள். தாம்பரத்து ஆஸ்பத்திரியில் அது ஐந்து வருஷமாக நீண்டது. அதற்குள் பிள்ளையில்லாத தங்கம் அம்மாவாகியிருந்தாள். மருதப்பன் அப்பாவாகியிருந்தான். லீலா படத்தில் மட்டும் பார்த்த ரத்தினம்மா ‘மெட்ராஸ் சித்தி’ ஆகியிருந்தாள்.

இப்போது ரத்தினம்மா குணமாகிவிட்டாள். தன் பெண்ணைக் கேட்கிறாள். இனி இன்னொரு பிள்ளை பெற்றால் உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டார்களாம். அவளுக்கென்று இந்த உலகத்தில் லீலா ஒருத்திதான்.

அவள் கேட்பதில் என்ன தவறு? தங்கமும் அதைத்தான் மாதக்கணக்கில் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை.

லீலாவிடம் மட்டும் யாருக்கும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. பள்ளி விடுமுறைக்கு சித்தி வீட்டுக்குப் போகிறாய் என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஜனவரியில் பள்ளி திறக்கும்போது இங்கே இருப்பேன் என்று அவள் தன் சிநேகிதிகளிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

பாய லேபாரில் இருந்த விமான நிலையம் ஊருக்குப் போதவில்லை. அதனருகே பெரிதாக ஒன்று எழும்பப் போகிறது. அதன் உள்ளமைப்பை வரையும் அறையில்தான் மருதப்பனுக்கு வேலை. பயணி எந்த வாசலில் நுழைவது, பெட்டியை எங்கே எடைபோடுவது, பாஸ்போர்ட்டை எங்கே காட்டுவது, எங்கே காத்திருப்பது, எந்தக் கதவைத் தாண்டி விமானத்துக்கு நடப்பது என்று எல்லாவற்றையும் அந்தப் பெரிய தாளில் கோடாகப் போட வேண்டும். புறப்படுகிறவர்களுக்குச் சிவப்புப் பென்சில். வந்திறங்குகிறவர்களுக்கு நீலம். கூட வரும் உறவுக்காரர்களுக்குப் பச்சை. சிவப்பும் நீலமும் எந்த இடத்திலும் வெட்டிக்கொள்ளக் கூடாது. அதற்காக அவன் பழைய கட்டடத்தின் கூடத்தில் வாரக்கணக்கில் நின்று ஜனங்கள் நடப்பதைப் பார்த்திருக்கிறான்.

அறையில் மேலதிகாரி இராஜசிங்கம் ஏற்கெனவே தாளை விரித்து வைத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மருதப்பனைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றினார்.

“என்ன ஐசே, நீர் இண்டைக்கு வரமாட்டீர் எண்டெல்லோ நினைச்சன்?”

“கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறேன் சார்.”

அவர் தேநீரை அவன் பக்கம் நகர்த்தினார்.

“எல்லாம் சரி. பச்சைக் கோடு ஒண்டுதான் மிச்சம். துரைக்கு ஒரு யோசனை. சனங்களையும் உள்ளுக்கு விடலாமாம். காத்திருக்கிற இடத்துக்குப் பக்கத்திலை கண்ணாடிச் சுவர் வச்சு, விமானம் ஏறுமட்டும் பாத்துக்கொண்டு நிக்கட்டுமாம். நீர் என்ன சொல்லுறீர்?”

“வேணாம் சார்.”

“ஏன்?”

“நான் அங்க நின்னு பாத்திருக்கேன். ஒருத்தர் கிளம்பினா ஒரு லாரி ஜனம் வருது. மாலை போடுறாங்க, கட்டிப்பிடிச்சு அழுவுறாங்க. உள்ள போனவரு திரும்பி வந்து இன்னொரு தடவை சொல்லிக்கிறாரு. எடை போடுற எடத்துல நெரிசல் இல்ல. இமிகிரேஷன்ல இல்ல. அழுவுற எடத்துலதான் எல்லாம் நின்னு போவுது. பின்னால வர்றவன் பெட்டியத் தூக்கிக்கிட்டு நிக்கிறான்.”

“அப்ப அழுகையை எங்கை வைக்கப்போறீர்?”

“வெளிக்கூடத்துல. கதவுக்கு இந்தப் பக்கம். கதவைத் தாண்டினா பயணி மட்டும்தான்.”

இராஜசிங்கம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“இண்டைக்கு நீர் சொல்லுறதை வச்சுக் கோடு போட எனக்கு மனமில்லை. நாளைக்குச் சொல்லும். நான் துரையிட்டைக் கதைக்கிறன்.”

“நாளைக்கும் இதையேதான் சார் சொல்லுவேன்.”

மருதப்பன் பச்சைப் பென்சிலை எடுத்தான். முன்வாசலிலிருந்து வெளிக்கூடம் வரைக்கும் இழுத்துவந்து, கண்ணாடிக் கதவு வரும் இடத்தில் நிறுத்தி, குறுக்கே அழுத்தமாக ஒரு கோடு போட்டான். சொல்லப்போனால் அவனுக்கு அது ஓர் ஆறுதலாகக்கூட இருந்தது. பிரிவு என்பது ஓரிடத்தில் முடிந்துவிட வேண்டும். இழுத்துக்கொண்டே போனால் மனுஷனால் தாங்க முடியாது.

மத்தியானம் மழை தூறியது. டாக்சியின் முன்சீட்டில் மருதப்பன். பின்னால் தங்கம், லீலா, பக்கத்து வீட்டுச் சம்சுன்னிசா. நாகூரில் தகப்பனாருக்கு உடம்பு முடியாமல் கிடக்கிறது என்று தகவல் வந்து அவள் கிளம்பியிருந்தாள். மெட்ராஸ் வரை லீலாவைக் கூட்டிப்போய் ரத்தினம்மா கையில் ஒப்படைப்பதாக ஏற்பாடு.

லீலா வாய் ஓயாமல் பேசினாள்.

“சம்சு மாமி, அந்தப் பக்கம் பாருங்க. அங்கதான் எங்க அப்பா புது ஏர்போர்ட் கட்டுறாரு. அதுல எல்லாத்தையும் எங்க அப்பாதான் சொல்லுவாரு. இல்லப்பா?”

“ஆமாம்மா.”

“நான் திரும்பி வர்றப்ப கட்டி முடிச்சிருப்பீங்களா?”

தங்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நிலையத்துக்குள் அன்று நல்ல கூட்டம். பினாங்குக்குப் போகும் மாப்பிள்ளை ஒருவனைச் சுற்றி ஒரு சீனக் குடும்பம், ஹாஜியார் ஒருவரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர். மருதப்பன் பெட்டியை எடைபோட்டு, விமானக் கம்பெனி ஆள் அப்துல் முத்தலிப்பிடம் குழந்தையைப் பற்றிச் சொல்லி வைத்தான். தெரிந்த பையன். “கவலைப்படாதீங்க அண்ணே, நான் பாத்துக்கிறேன்லா,” என்றான் முத்தலிப்.

இமிகிரேஷன் மேசைக்கு முன்னால் வரிசை நகர்ந்தது. சம்சுன்னிசா முன்னால் போனாள். லீலா அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள். லீலாவின் இன்னொரு கை தங்கத்திடம் இருந்தது.

தங்கம் விடவில்லை.

முதலில் குனிந்து லீலாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அப்புறம் ரிப்பனை அவிழ்த்துக் கட்டினாள். பிறகு முழங்காலிட்டு அவள் சப்பாத்து நாடாவை அவிழ்த்து, மறுபடி கட்டி, மறுபடி அவிழ்த்தாள். பின்னால் ஒருவர் தொண்டையைச் செருமினார். இன்னொருவர் பெட்டியைக் கீழே வைத்தார். வரிசை வாசல் வரைக்கும் வளர்ந்தது. மேசையில் இருந்த அதிகாரி மருதப்பனைப் பார்த்தார்.

“தங்கம்,” என்றான் மருதப்பன். “வழிய விடு. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க.”

தங்கம் தலையை உயர்த்தி அவனைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். யார் இந்த ஆள் என்பதுபோல் பார்த்தாள். பிறகு கையை விட்டுவிட்டு எழுந்து ஓரமாக நின்றாள்.

“டாட்டா அம்மா! டாட்டா அப்பா!” என்று சொல்லிக்கொண்டே லீலா உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவே இல்லை. விடுமுறைக்குப் போகும் பிள்ளை எதற்குத் திரும்பிப் பார்க்கும்?

விமானம் மழைக்குள் ஏறி மறைந்தது. வெளியே ஓடுதளத்து வேலி ஓரத்தில் அவர்களோடு நின்ற ஜனங்கள் குடையை மடக்கிக்கொண்டு கலைந்தார்கள். தங்கம் நகரவில்லை. மருதப்பன் டாக்சி பிடிக்கட்டுமா என்று கேட்டான். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. உள்ளே போய்க் காப்பி வாங்கி வந்தான். அது அவன் கையிலேயே ஆறியது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றார்களோ, மழை விட்டு வெயில் அடித்தது. அப்போதுதான் வடக்கிலிருந்து ஒரு விமானம் தாழ்ந்து வருவதை மருதப்பன் பார்த்தான். அந்த நேரத்துக்கு வரவேண்டிய விமானம் எதுவும் இல்லை. வால் பக்கத்து வர்ணம் தெரிந்தது. லீலா போன விமானம்தான். நாலு விசிறியில் ஒன்று சுற்றாமல் நின்றிருந்தது.

“என்னங்க, அது...?”

“ஒண்ணுமில்ல தங்கம். எறங்கிடும். எறங்கிடும்.”

இறங்கியது. தீயணைப்பு வண்டி பின்னாலேயே ஓடியது. ஏணி வைத்து ஒவ்வொருவராக இறக்கினார்கள். சம்சுன்னிசாவின் வெள்ளை முக்காடு தெரிந்தது. அவள் பக்கத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிய தலை தெரிந்தது. தங்கம் வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்று முழுக்க வராத அழுகை அப்போதுதான் வந்தது.

ஆனால் இறங்கியவர்கள் உள்ளே வரவில்லை. தார்த்தரையில் வெயிலில் நின்றார்கள்.

புறப்பாட்டுக் கூடத்தில் பினாங்குப் பயணிகள் நிரம்பியிருந்தார்கள். அந்தக் கதவைப் பூட்டியிருந்தார்கள். வருகைக் கதவுக்குக் கூட்டிப்போனால் அங்கிருந்த அதிகாரி மறித்தார். இவர்கள் எந்த ஊரிலிருந்தும் வரவில்லையே, எப்படி உள்ளே விடுவது என்றார். முத்தலிப் இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்குமாக ஓடினான். கிளம்பியவர்களும் அல்ல, வந்தவர்களும் அல்ல. அவர்களுக்கென்று ஒரு வாசல் இல்லை.

மருதப்பன் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தான். காலையில் அவன் விட்டு வந்த தாளில் சிவப்புக் கோடு ஒரே பக்கமாகத்தான் போகிறது. போனவர் திரும்பி வருவார் என்று அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை. அவனுக்கும் தோன்றவில்லை. நெரிசலைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், இதைப் பார்க்கவில்லை. ஒரு தாய் கையை விடுகிற இடத்தில் குறுக்கே கோடு போட்டுவிட்டு, அதுதான் முடிவு என்று நம்பி எழுந்து வந்திருந்தான்.

கடைசியில் சாமான் வண்டிகள் போகும் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டார்கள். அது நேரே பொதுக்கூடத்துக்கு வந்தது. லீலா கூட்டத்தில் முட்டி மோதிக்கொண்டு ஓடிவந்து தங்கத்தின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். உடம்பெல்லாம் வேர்வை. பயந்த மாதிரியே இல்லை. முகம் நிறையப் பெருமை.

“நான் சம்சு மாமிகிட்ட சொன்னேன்! மேல போனதும் எனக்கு அழுகை வந்துடுச்சு. அம்மாகிட்டப் போகணும்னு சொன்னேன். உடனே ப்ளேன் திரும்பிடுச்சு. அப்பா, நீங்கதானே திருப்பச் சொன்னீங்க?”

மருதப்பன் தங்கத்தைப் பார்த்தான். தங்கம் அவனைப் பார்க்கவில்லை.

“ஆமாம்மா,” என்றான்.

இன்ஜினைப் பார்த்துச் சரிசெய்து சாயங்காலமே கிளப்பிவிடுவோம், ஊருக்குள் இருக்கிறவர்கள் வீட்டுக்குப் போகலாம், கம்பெனிக் கார் வந்து அழைத்துவரும் என்றான் முத்தலிப். அவன் சொல்லி முடிப்பதற்குள் தங்கம் லீலாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். ஆறு வயதுப் பிள்ளையின் கால்கள் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கின. விமானத்திலிருந்து இறக்கிக் கொடுத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு மருதப்பன் பின்னால் போனான்.

வீட்டில் தங்கம் ரசம் வைத்தாள். அப்பளம் பொரித்தாள். பிசைந்து ஊட்டினாள். லீலா பாதிச் சோற்றிலேயே தூங்கிப்போனாள். வாயைத் துடைத்துக் கட்டிலில் கிடத்திவிட்டுத் தங்கம் மருதப்பன் பக்கம் திரும்பினாள்.

“இவ போகமாட்டா.”

“ரத்தினம்?”

“பேசாதீங்க. ஒரு தடவை கையை விட்டேன். நீங்க சொன்னீங்கன்னு விட்டேன். என் தலையெழுத்துல இன்னொரு தடவை இருந்துச்சுன்னா சாமியே வந்து புடுங்கிக்கட்டும்.”

மருதப்பன் சொல்ல வேண்டியதையெல்லாம் காலையிலேயே சொல்லித் தீர்த்துவிட்டவன்போல் சுவரோரமாக உட்கார்ந்திருந்தான்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கீழே கார் வந்து நின்றது. சம்சுன்னிசா மாடியேறி வந்தாள். இருவரையும் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. வாசற்படியிலேயே நின்றாள்.

“அக்கா, நான் உங்களை ஒண்ணும் சொல்லல. உங்க மனசு எனக்குத் தெரியும். ஆனா முத்தலிப் தம்பி ஒரு சேதி சொல்லிச்சு, அதைச் சொல்லாம இருந்தா எனக்குத்தான் பாவம்.”

“என்ன?”

“மெட்ராஸ்ல இருந்து கேட்டு விட்டிருக்காங்க. உங்க தங்கச்சி காலையிலயே ஏர்போர்ட்டுக்கு வந்துட்டாளாம். ப்ளேன் திரும்பிப் போயிடுச்சு, நாளைக்கு வாங்கன்னு சொன்னா கேக்கலையாம். புருஷன்காரரு கூப்பிட்டாலும் போகலையாம். எல்லாரும் வெளிய வர்ற கதவு இருக்குல்ல, அதுக்கு முன்னாலயே நிக்கிறாளாம். ஜனங்க போக வர முடியாம அவளை நகத்தி நகத்தி விடுறாங்களாம். மறுபடி வந்து அங்கயே நிக்கிறாளாம்.”

தங்கம் அடுப்பங்கரை நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணுக்குள் ரத்தினம்மா எப்படித் தெரிந்தாளோ, நமக்குத் தெரியாது. நோயில் கப்பலேறிய அன்று கைக்குழந்தையைத் தொடக்கூடாது என்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாளே, அந்த ரத்தினம்மாவாக இருக்கலாம்.

“கொஞ்சம் இருங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மருதப்பன் கதவுக்கு வெளியே நின்றான். அவள் லீலாவை எழுப்பும் சத்தம் கேட்டது. ஈரத் துணியால் முகத்தைத் துடைத்தாள். வேறு சட்டை மாட்டினாள். பிறகு கட்டில் கிரீச்சிட்டது. பக்கத்தில் உட்காருகிறாள்.

“லீலா, அம்மா உன்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன் கண்ணு. நீ லீவுக்குப் போகல.”

“அப்பறம்?”

“அங்கதான் இருக்கப் போற. மெட்ராஸ்ல இருக்கறது உன் சித்தி இல்ல. அவதான் உன்னைப் பெத்தவ. உன் அம்மா. உடம்பு சரியில்லாததால என்கிட்ட குடுத்து வச்சிருந்தா. இப்ப நல்லாயிட்டா. உனக்காகக் காலையில இருந்து நின்னுகிட்டே இருக்கா.”

கீழே கார் ஒரு முறை ஹாரன் அடித்தது.

“அப்ப நீங்க யாரு?”

மருதப்பன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

“நான் உன் பெரியம்மா,” என்றாள் தங்கம். எங்கிருந்துதான் அந்தப் பலம் வந்ததோ. “உன் அம்மாவுக்கு அக்கா. அப்படித்தான் நீ என்னைக் கூப்பிடணும். இங்கயே ஒரு தடவை சொல்லிப் பழகிக்கோ. அங்க போயி அவ முன்னால என்னை அம்மான்னு சொன்னேன்னா அவ மனசு ஒடிஞ்சு போயிடும்.”

“பெரியம்மா,” என்றது சின்னக் குரல்.

மருதப்பன் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். சம்சுன்னிசாவும் பின்னாலேயே இறங்கி, காரில் ஏறி உட்கார்ந்து, பிள்ளைக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டாள். டிரைவர் டிக்கியைத் திறந்து வைத்தான்.

மருதப்பன் பெட்டியை அதில் வைத்தான். மறுபடி வெளியே எடுத்தான்.

“அண்ணே?” என்றாள் சம்சுன்னிசா.

அவன் டிக்கியைச் சாத்தினான். ஜன்னலருகே வந்து குனிந்தான். அவன் முகத்தைப் பார்த்து அவள் பயந்துபோனாள்.

“நீங்க போங்கம்மா. நேரமாவுது. பிள்ளை வரல.”

“அக்கா உள்ள என்னமோ பேசிக்கிட்டு...”

“வரல. நான் சொல்றேன்ல. டிரைவர், ஜாலான்! கிளம்பு!”

கார் நகர்ந்தது. தெருமுனையில் ஒரு பால்காரனின் மாட்டுக்காக நின்று, திரும்பி, சிராங்கூன் ரோட்டு நெரிசலுக்குள் போய் மறைந்தது. மருதப்பன் பெட்டியைக் கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தான். செய்த காரியத்தை நினைத்துப் பார்க்கக்கூட அவனுக்குத் தைரியம் வரவில்லை. தங்கம் கேட்டால் சந்தோஷப்படுவாள் என்று மட்டும் நினைத்தான். இன்று ஒரு நாளாவது அவள் பக்கம் நின்றுவிட்டோம் என்று நினைத்தான்.

மாடிப்படியில் காலடி கேட்டது.

தங்கம் லீலாவின் கையைப் பிடித்து இறங்கி வந்தாள். லீலாவுக்கு இரட்டைப் பின்னல் போட்டு, நெற்றியில் சின்னதாகத் திருநீறு இட்டிருந்தாள். இருவர் முகமும் கழுவித் துடைத்துத் தெளிவாக இருந்தன. அழுது முடித்துவிட்டு, போவதென்று தீர்மானித்துக் கிளம்பி வந்தவர்களின் முகங்கள்.

தெருவைப் பார்த்துத் தங்கம் நின்றாள். கீழே இருந்த பெட்டியைப் பார்த்தாள். அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவனைப் பார்த்தாள்.

கேட்டது லீலாதான். சற்றுமுன் கற்றுக்கொண்டதைத் தப்பில்லாமல் சொல்லிவிட வேண்டும் என்ற கவனத்தோடு கேட்டாள்.

“பெரியப்பா, கார் எங்க?”